விளக்குத்தூணைச் சுற்றி அரை நாள்

மதுரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, சித்திரை வீதியில் நாலு வளையலை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் சாமான் வாங்கும் இடம் கோயிலுக்குத் தென்கிழக்கே, விளக்குத்தூணைச் சுற்றி இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் தெற்கு மாசி வீதி, வடக்கே பார்த்தால் கீழமாசி வீதி. கீழமாசிக்குப் பின்னால் கீழமாரட் வீதி ஓடுகிறது; தெற்கே திருமலை நாயக்கர் மகால் பக்கம் சந்து சந்தாகப் பிரியும். துணி, மளிகை, வெங்காயம், ஜிகர்தண்டா, பருத்திப்பால் எல்லாமே பத்து நிமிட நடைக்குள் அடங்கும். இத்தனையும் இவ்வளவு நெருக்கத்தில் கிடைக்கிற கடைத்தெரு தென்மாவட்டங்களில் இன்னொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நுழைந்தால் ஐந்து கிலோ புளியைத் தூக்கிக்கொண்டு சேலைக் கடையில் நிற்பீர்கள்.

முதலில் வழி. மதுரையில் 'மாசி வீதி போகணும்' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் 'எந்த மாசி வீதி?' என்றுதான் கேட்பார். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள்: உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, அதற்கப்புறம் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும், கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நாலு. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த இடத்தில் வந்தவைதான் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்கள் அவை. பிளாக்பர்னுக்கு நன்றியாக நட்டதுதான் அந்த விளக்குத்தூண். ஆகவே 'விளக்குத்தூண்' என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள், போதும். கூகுள் மேப்பில் 'மாசி வீதி' என்று தேடிவிட்டு ஊருக்கு எதிர்மூலையில் இறங்கி வெயிலில் நடக்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். பஸ் என்றால் கீழவாசலில் இறங்குவது நல்லது. அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஆட்டோவில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். திரும்பும்போது மூட்டை முடிச்சோடு நிற்பதைப் பார்த்தால் கேட்கிற தொகை கூடும். சாமான்களைக் கடையிலேயே வைத்துவிட்டு, தெரு முனைக்கு வந்து ஆட்டோவைப் பேசி, அதிலேயே கடைவாசலுக்குப் போய் ஏற்றிக்கொள்வதுதான் ஊர்க்காரர்கள் செய்கிற வழி. கார் கொண்டு வராதீர்கள். வந்தே தீருவேன் என்றால் வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய மார்க்கெட் இருந்த இடத்திலுள்ள அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். தெற்கு மாசியில் காரை நுழைத்தால் பின்னால் வரும் தட்டுவண்டிக்காரர் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார்.

நேரம் இதைவிட முக்கியம். கோயில் மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தி 4 மணிக்குத் திறக்கும். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, பையோடு போனால் பாதுகாப்பு அறையில் வைக்கிற வரிசையிலேயே நேரம் போய்விடும். கோயிலைக் காலையிலேயே கைவீசிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள். கடைத்தெருவுக்கு மாலை மூன்றரைக்கு வாருங்கள். மூன்றரை முதல் ஐந்தரை வரை துணி, பிறகு ஒரு ஜிகர்தண்டா, ஆறு முதல் ஏழரை வரை மளிகை, அதற்குமேல் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மளிகை மொத்தக் கடைகள் அடைப்பு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் விளக்குத்தூண் பக்கம் நடப்பதும் ஒன்று, நீந்துவதும் ஒன்று. சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில்தான் தேர் சுற்றி வரும். அன்றைக்குத் தேரைப் பார்க்க வாருங்கள், சாமான் வாங்க வராதீர்கள்.

துணியைப் பத்துத்தூண் சந்தில் தொடங்கலாம். திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதி போக மிஞ்சிய பத்துக் கருங்கல் தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. நிமிர்ந்து பார்க்காதவர்கள் தூணுக்கு அடியில் நின்றுகொண்டே 'பத்துத்தூண் எங்கே?' என்று கேட்பதுண்டு. இந்தச் சந்துகளில் அன்றாடத் துணி வாங்குவது லாபம்: உள்பாவாடை, நைட்டி, துண்டு, லுங்கி, வேட்டி. பருத்தி உள்பாவாடை முதல் சலவையில் ஒன்று, ஒன்றரை அங்குலம் சுருங்கும். உங்கள் அளவைவிட இரண்டு அங்குலம் நீளமாக எடுங்கள். நாடா போகும் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள், ஒற்றைத் தையல் என்றால் ஆறு மாதத்தில் பிரியும். வேட்டியில் நீளத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். நாலு முழம் என்றால் 2 மீட்டர். எட்டு முழம் என்று சொல்லி 3.60 மீட்டரில் முடிகிற வேட்டியும் உண்டு, 3.80 மீட்டர் உள்ளதும் உண்டு. அகலமும் அப்படித்தான். உயரமானவர்கள் 1.27 மீட்டர் அகலத்துக்குக் குறைவாக எடுத்தால் கணுக்கால் தெரியும். அளவு வேட்டியின் ஓரத்துச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். கடைக்காரர் வாய்மொழியைவிட அந்தச் சீட்டை நம்புங்கள்.

இந்தத் தெருவில் வேறெங்கும் கிடைக்காத துணி சுங்குடி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் இதில்தான் அதிகம். சுங்குடி, மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்களின் கைவேலை. பருத்திச் சேலையில் நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, ஆயிரக்கணக்கான முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது, அவிழ்த்தால் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடையில் 'சுங்குடி' என்ற பெயரில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை கையால் முடிச்சுப் போட்டவை இல்லை. மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் என்று பல வகை. அவற்றையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றாடம் உடுத்த லேசாக இருக்கும், வெயிலுக்கு இதமாக இருக்கும், விலையும் குறைவு. முடிச்சுச் சேலைக்கான விலையைக் கொடுத்துவிட்டு அச்சுச் சேலையோடு வீடு திரும்பாமல் இருந்தால் சரி.

'அண்ணே, இது கட்டுச் சுங்குடியா, பிரிண்டா?' என்று நேராகவே கேளுங்கள். பழைய கடைக்காரர் பொய் சொல்வதில்லை. 'கட்டு வேணும்னா உள்ள இருக்குக்கா, ரேட்டு வேற' என்பார். பலகைக்குக் கீழிருந்து ஒரு கட்டை எடுத்து விரிப்பார். புதுச் சேலை முகத்தில் அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகச் சுருங்கி மேடு தட்டியிருக்கும். சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமலேயே ஒரு முனையை விட்டுவைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பிடித்துச் சட்டென்று இழுத்தால் நூல் 'டப டப'வென்று தெறித்துப் புள்ளி விழும். அந்தச் சத்தம் பிரிண்டில் வராது. மேடு தேய்த்துப் போன சேலை என்றால் புள்ளியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கைமுடிச்சுப் புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், நடுவில் சாயம் ஒரு பொட்டாக ஏறியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு. சேலையைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு அச்சில் புள்ளிகளுக்கு இடையே மயிரிழைபோல் வெடிப்புக் கோடுகள் ஓடும். அது மெழுகு மடங்கி உடைந்த இடத்தில் சாயம் புகுந்த தடம். ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் அழகுதான்.

அடுத்தது கஞ்சி. மெல்லிய துணிக்குக் கஞ்சியை ஏற்றிக் கனமாகக் காட்டுவது பழைய வித்தை. ஒரு மூலையை இரண்டு விரலுக்கு நடுவே பத்துத் தடவை கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாவுபோல் உதிர்ந்து, கசக்கிய இடம் வலைபோலத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நீளத்தைக் கேட்க மறக்கக் கூடாது: 5.5 மீட்டர் என்றால் ரவிக்கைத் துண்டு கிடையாது, 6.2 அல்லது 6.3 என்றால் சேர்ந்திருக்கிறது. மடிசாருக்கு ஒன்பது கஜம் என்றால் மீட்டரில் 8.23 வர வேண்டும். எட்டு மீட்டரை ஒன்பது கஜம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கடை மேஜையிலேயே அளக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு அந்த இருபது சென்டிமீட்டர் ஒன்றும் செய்யாது, மற்றவர்களுக்குக் கச்சம் நிற்காது.

வீட்டுக்குப் போனதும் முதல் அலசலைத் தனியாக, ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துச் செய்யுங்கள். சோப்பு வேண்டாம். அடர் சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் இரண்டு மூன்று அலசலுக்குச் சாயம் விடத்தான் செய்யும். பார்டர் வேறு நிறமாக இருந்தால் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காயவிடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: பால்ஸ் தைக்கும் முன் சேலையையும் பால்ஸ் துணியையும் தனித்தனியே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். கடைவாசலிலேயே பால்ஸ் தைத்துத் தருகிறோம் என்பார்கள். புதுச் சேலையில் தைத்தால் முதல் சலவையில் சேலை ஒரு அளவும் பால்ஸ் ஒரு அளவும் சுருங்கி, அடிப்பக்கம் அப்பளம்போல் நெளிந்து நிற்கும். சேலையின் மேல் பழி போட்டுப் பயனில்லை.

சுங்குடியைத் தெற்கு மாசியிலும் மகால் பக்கத்துத் தெருக்களிலும் பாருங்கள். மகால் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைகள் அதிகம். அலமாரி கிடையாது, பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், விலை கொஞ்சம் படியும். பெரிய கடையில் ஒரே விலை, ஆனால் மாற்றித் தருவார்கள். சின்னக் கடையில் 'விற்ற சரக்கு திரும்ப வாங்குவதில்லை' என்று பில்லிலேயே போட்டிருக்கும். அங்கேயே முழுச் சேலையையும் விரித்துச் சாயத் திட்டும் இழை அறுந்த இடமும் பார்த்துவிடுவது நம் பொறுப்பு. விரிக்கச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கதர் வேண்டுமென்றால் மேலமாசி வீதிக்கு நடக்க வேண்டும், எதிர்ப்பக்கம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது அந்தத் தெருவிலுள்ள ஒரு வீட்டில்தான். இப்போது அந்தக் கட்டடத்தில் கதர்க் கடை இருக்கிறது. துண்டும் படுக்கை விரிப்பும் நன்றாக இருக்கும். அதற்காக மட்டும் கால் மணி நேரம் நடக்கலாமா என்பது உங்கள் முழங்காலைப் பொறுத்தது. நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி. அதைப் பற்றிச் சொல்ல இங்கே புதிதாக ஒன்றுமில்லை, ஹால்மார்க்கையும் சேதாரத்தையும் எங்கே கேட்பீர்களோ அதுபோல இங்கேயும் கேளுங்கள்.

புதுமண்டபத்துத் தையல்காரர்களைத் தேடி வருகிறவர்கள் கவனிக்க: மண்டபத்துக்குள் இப்போது கடைகள் இல்லை, பக்கத்தில் குன்னத்தூர் சத்திரம் கட்டடத்துக்கு மாறிவிட்டன. தூண் சிற்பங்களுக்கு நடுவே மிஷின் ஓடிய அழகு போனது போனதுதான். வேலை அதே வேலை. சாமி பாவாடை, சின்னக் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை, சித்திரைத் திருவிழாவுக்கான அழகர் வேஷ உடுப்பு எல்லாம் தைத்துத் தருவார்கள். வீட்டுச் சிலைக்குத் துணி தைக்க வருகிறவர்கள் 'ஒரு அடி அம்மன்' என்று சொன்னால் போதாது. இடுப்பைச் சுற்றி ஒரு நூல், இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு நூல் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவாருங்கள். பீடத்தைச் சேர்த்து உயரம் சொல்லிவிட்டு, பாவாடை தரையில் புரள்கிறது என்று திரும்பி வருவதுதான் வழக்கமான கூத்து.

இப்போது ஐந்தரை ஆகியிருக்கும். ஜிகர்தண்டா. விளக்குத்தூணில் கீழமாரட் வீதி முனையில் இருக்கும் பேமஸ் ஜிகர்தண்டா கடைதான் எல்லோரும் கேட்டு வருவது. தமிழ்நாடு முழுக்கக் கிளை வந்துவிட்டாலும் கூட்டம் இங்கே குறையவில்லை. உட்கார்ந்து குடிக்கிற இடமில்லை, நடைபாதையில் நின்றுதான். பெரிய டம்ளரை எடுத்து, அடியில் ஊறிய பாதாம் பிசினை ஒரு கரண்டி போடுவார். கண்ணாடித் துண்டுபோல வழுக்கி விழும். அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், அது வெள்ளையாக இருக்காது, வெளிறிய பழுப்பாக இருக்க வேண்டும். மேலே ஐஸ்கிரீம் ஓர் உருண்டை; ஸ்பெஷல் என்றால் பாசந்தியும் சேரும். குடிக்கிற முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கொடுத்தவுடன் உறிஞ்சினால் முதலில் வெறும் சர்பத்து வரும், கடைசியில் சப்பென்ற பால் வரும். கரண்டியால் அடியிலிருந்து மேலே மூன்று தடவை புரட்டிவிட்டுக் குடியுங்கள். இனிப்பு அதிகம் என்று தோன்றுகிறவர்கள் 'சர்பத் கம்மியா' என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

அந்தப் பெயரைப் போட்டு ஊரெல்லாம் தள்ளுவண்டி நிற்கிறது. நல்லதையும் கெட்டதையும் பாலின் நிறமே காட்டிவிடும். பால் வெள்ளையாக இருந்து, சர்பத்து ரத்தச் சிவப்பாக இருந்தால் அது ரோஸ் எசன்ஸ். பிசின் பல்லில் நறநறவென்றால் எட்டு மணி நேரம் ஊற வேண்டியதை மூன்று மணி நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். பிசினுக்குப் பதில் கடல்பாசியைத் துண்டு போட்டுச் சேர்ப்பதும் உண்டு, தப்பில்லை, ஆனால் வழுவழுப்பு வராது.

பாதாம் பிசினை வீட்டுக்கும் வாங்கிப் போகலாம், அதற்கு அடுத்து போகப்போகிற கீழமாசி வீதிதான் இடம். தூளாக விற்பதை வாங்காதீர்கள். தேன் நிறத்தில் கட்டி கட்டியாக, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மரப்பட்டை ஒட்டியிருந்தால் ஊறியபின் கையால் எடுத்துவிடலாம். 5 கிராம், அதாவது சின்னக் கரண்டி ஒன்று, இரவு முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறினால் ஒரு கிண்ணம் நிறைந்துவிடும். 100 கிராம் வாங்கினால் இருபது தடவைக்கு ஆகும். ஆசையில் அரைக் கிலோ வாங்கியவர்கள் அடுத்த கோடையிலும் அதைத்தான் ஊறவைத்துக்கொண்டிருப்பார்கள்.

கீழமாசி வீதி மொத்த மளிகை. லாரி ஏற்றுவதும் இறக்குவதும் நடந்துகொண்டே இருக்கும். சுமை தூக்குகிறவர் 'ஓரம், ஓரம்' என்றால் மறுபேச்சில்லாமல் ஒதுங்குங்கள், அவர் தலையில் 50 கிலோ இருக்கிறது. மூட்டைக் கணக்கில் விற்கிற கடையில் போய் நூறு கிராம் சீரகம் கேட்டால் பதிலே வராது. வாசலில் தராசு வைத்துச் சில்லறைக்கும் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன; அங்கேயும் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று கேட்டால்தான் மொத்த விலைக்குப் பக்கத்தில் வரும்.

வாங்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்லலாம். முதலாவது வற்றல் மிளகாய். சாம்பார்ப் பொடிக்கு ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய், நிறத்துக்கும் குழம்புக்கும் நீட்டு மிளகாய். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது பலர் வீட்டு வழக்கம். குண்டு மிளகாயைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை கலகலவென்று உருள வேண்டும். ரப்பர்போல் வளைந்தால் ஈரம், எடைக்கு எடை தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள், வீட்டில் பூசணமும் பிடிக்கும். காம்புப் பக்கம் வெள்ளையாக வெளிறியிருந்தால் பழைய சரக்கு. இரண்டாவது புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்துவிடும்; வருடப் புளி வாங்குகிறவர்கள் அப்போது வாருங்கள். புதுப்புளி சிவப்பாக, இளகலாக இருக்கும், ரசத்துக்கு நன்று. பழம்புளி கறுத்து, புளிப்பு ஏறியிருக்கும், மீன்குழம்புக்கு அதைத்தான் தேடுவார்கள். கொட்டை எடுத்தது, எடுக்காதது இரண்டும் இருக்கும். கொட்டையோடு வாங்கினால் மலிவு என்று தோன்றும், கொட்டையும் நாரும் கழித்தபின் கணக்குப் போட்டால் வித்தியாசம் பெரிதாக இராது. வீட்டில் ஒரு நாள் வெயில் காட்டி, கல் உப்புப் போட்டுப் பிசைந்து ஜாடியில் அடைத்தால் வண்டு வராது.

மூன்றாவது கருப்பட்டி, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். சீனி கலந்த கருப்பட்டி பார்வைக்கு இன்னும் அழகாக இருக்கும், அதனால்தான் விற்கிறது. ஒன்றை உடைத்துத் தரச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கலாகக் கரகரப்பாக இருந்தால் நல்லது. சீனிமணி மின்னினால் கலப்பு. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் ஓர் உப்புக்கரிப்பு மெல்ல வர வேண்டும். அசலில் மண்ணும் தூசியும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், காய்ச்சி வடிகட்டாமல் போடக் கூடாது. மழைக்காலத்தில் கசியும், காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில், அரிசிப் பானைக்கு மேலே வையுங்கள். ஏலக்காய் போடியிலிருந்து வருவது நன்றாக இருக்கும். பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காமல் இரண்டைப் பிரித்து, விதை கறுப்பாக ஒட்டும் பதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு விதை என்றால் பிஞ்சில் பறித்தது.

வெங்காயத்துக்குக் கீழமாரட் வீதி. தெருவே வெங்காய வாசனைதான், சருகு காலில் மிதிபடும். சின்ன வெங்காயம் ஐந்து கிலோ எடுக்கலாம், கழுத்துப்பகுதி காய்ந்து மூடியிருந்தால் மட்டும். கழுத்து பச்சையாக, அழுத்தினால் அமுங்குகிற வெங்காயம் பத்து நாளில் அழுகும், பக்கத்திலிருப்பதையும் அழுகவைக்கும். மூட்டையின் மேல்பக்கம் மட்டும் பார்த்து வாங்காமல், கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். இதுதான் கடைசிக் கனச் சாமானாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதற்குமேல் இரண்டு கையும் காலியாக இருக்காது.

மல்லிகைப்பூவை எப்போது வாங்குவது என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. ஐந்து மணிக்கே மொட்டாக வாங்கி இலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. கிளம்பும்போது வாங்கினால் போதும் என்பது மற்றொன்று. பயணம் போகிறவர்களுக்கு முதல் கட்சிதான் சரி, ஏனென்றால் எட்டு மணிக்கு விற்கும் பூ ஏற்கெனவே விரிந்திருக்கும், காலையில் மஞ்சளாகிவிடும். மதுரை மல்லியின் இதழ் தடிப்பு. மொட்டு பருமனாக, காம்பு இதழ் அளவுக்கு நீளமாக இருக்கும். இதற்கும் 2013-ல் புவிசார் குறியீடு வந்தது. மொழம் என்பது விற்கிறவரின் முழங்கை முதல் விரல்நுனி வரை. கையின் நீளத்தைவிடக் கட்டின் நெருக்கத்தைப் பாருங்கள். நூல் தெரியாமல் கட்டிய ஒரு மொழம், இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு மொழத்துக்குச் சமம். மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை எகிறும். அப்போது சரத்துக்குள் காக்கரட்டான் கலந்து வரும், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மணம் குறைவு. அந்த மாதத்தில் பிச்சிப்பூ வாங்குவது புத்திசாலித்தனம். முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை விலையைக் கேட்டுவிட்டு அதிர்ச்சியாக வேண்டாம், அன்றைக்கு எல்லோருக்கும் அதே விலைதான்.

ஏழு மணிக்குமேல் பருத்திப்பால் வண்டி நிற்கும். ஜிகர்தண்டாவுக்குக் கிடைத்த விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை, நம் கணக்கில் இந்தக் கடைத்தெருவின் சிறந்த பானம் இதுதான். பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, ஆட்டி, மூன்று முறை பால் பிழிந்து, அரிசிமாவு கரைத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். அண்டாவின் அடியிலிருந்து கலக்கி ஊற்றுகிறாரா என்று பாருங்கள். மேலாக அள்ளினால் வெறும் இனிப்புத் தண்ணீர் வரும். நல்ல பால் கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். தொண்டையில் தவிடு உரசினால் துணியில் சரியாக வடிக்கவில்லை. ஆறியதும் அல்வாபோல் கட்டிப்பட்டால் மாவு அதிகம், கொட்டை குறைவு. சூடாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். ஜிகர்தண்டாவுக்கும் இதற்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்; இல்லாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வயிறு இடம் தராது.

கொறிக்க முள்ளுமுருங்கை வடை கிடைத்தால் விடாதீர்கள். கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, மிளகு சீரகம் சேர்த்து, பூரிபோலத் தட்டிப் பொரித்தது. பச்சை நிறத்தில் உப்பி வரும். மேலே தூவுகிற பொடி காரம். சளி பிடித்தவர்கள் தேடி வந்து சாப்பிடுவார்கள். எண்ணெய் கறுத்திருந்தால் மட்டும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லிக்காரர்கள் மேலமாசிப் பக்கம் போகலாம். முருகன் இட்லிக் கடை அங்கே இருக்கிறது. கறிதோசை என்றால் சிம்மக்கல் கோனார் மெஸ்: அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி, திருப்பிப் போட்டு முறுகவிட்டது. ஒன்று சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள், இரண்டாவது தேவைப்படுகிறவர்கள் குறைவு. அல்வாக்காரர்கள் ரயில் நிலையம் பக்கம் பிரேம விலாஸில் சூடாக வாங்கிக்கொள்ளலாம், போகிற வழிதான்.

குறைகளையும் சொல்லிவிடுவது முறை. கழிப்பறை என்பது இந்தத் தெருக்களில் பெரிய பிரச்சினை; பெரிய துணிக்கடைக்குள் இருக்கும்போதே கேட்டுப் போய்விடுங்கள், மளிகைத் தெருவில் ஒன்றும் கிடைக்காது. நடைபாதை என்று வரைபடத்தில் இருப்பதில் பாதி கடைச் சாமான். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தெற்கு மாசியில் ஐந்து மணிக்குமேல் நகராது. வயதானவர்களைக் கூட்டிவந்தால் துணிக்கடையில் உட்காரவைத்துவிட்டு மளிகைக்கு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். மழை பெய்தால் கீழமாரட் வீதியில் வெங்காயச் சருகும் தண்ணீரும் சேர்ந்து வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். ஜிபே எங்கும் ஓடுகிறது என்றாலும் பூக்காரம்மாவுக்கும் பருத்திப்பால் வண்டிக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் ஏற்றும்போது வெங்காயமும் புளியும் காலடியில், மிளகாய் அதன்மேல், சுங்குடி மடியில். பூவை மட்டும் சேலைப் பையில் போடாதீர்கள். ஈரம் பட்டால் புதுச் சாயம் இறங்கிவிடும். கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.